மட்டைத் தலை அகலம்

கோல்ஃப் தகுதிப் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்துக்குத் தன்னை நடுவராகப் போட வேண்டாம் என்று வக்கீலம்மா வாய்விட்டே சொன்னாள். கடைசியாக இறங்கும் ஜோடியில் இடதுகைக்காரனுக்குப் பை தூக்குவது தன் அப்பா, நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாருக்கும் அசிங்கம் என்றாள். கிளப் செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"உங்கப்பாவா ஆடறாரு? பைதானேம்மா தூக்கறாரு. பைக்கெல்லாம் எங்கருந்து வந்துச்சு சொந்தபந்தம்?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்து வைத்தார்கள். அதற்கு மேல் பேசினால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும் என்று அவள் நடுவர் பட்டையை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டாள்.

அவள் வக்கீல் கிடையாது. வார நாட்களில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறவள். வக்கீலம்மா என்பது மைதானத்தில் பை தூக்குகிறவர்கள் வைத்த பெயர். கல்லூரியில் படிக்கும்போது சனிக்கிழமைகளில் கிளப் ஆபீஸில் ஆட்ட முடிவுகளைத் தட்டச்சு செய்ய வருவாள். வந்த இடத்தில் கோல்ஃப் விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டாள். அந்த ஆட்டத்தின் மேல் அவளுக்கு மதிப்பு ஒன்றும் இல்லை. இவ்வளவு நல்ல தண்ணீரைக் கொட்டிப் புல் வளர்த்து அதில் ஒரு பொத்தல் போட்டு அதற்குள் பந்தைத் தள்ளப் பெரிய மனிதர்கள் படும் பாட்டை அவள் வீட்டில் நடித்துக்காட்டினால் அம்மாவுக்குப் புரையேறும். ஆனால் புத்தகத்தைப் பிடித்திருந்தது. அந்தப் புத்தகத்தில் 'சார்' என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. ஆட்டக்காரர், எதிராளி, அவ்வளவுதான். ஆட்டக்காரர் தொழிலதிபரா, தோட்டக்காரரா என்று அது கேட்பதில்லை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பட்டம் வாங்கிய கையோடு நடுவர் தேர்வையும் எழுதி முடித்தாள்.

அப்பாவுக்கு வாயைத் திறந்தால் 'சார்'தான். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே பை தூக்குகிறார். மைதானத்தில் அந்த வேலைக்குக் 'கேடி' என்று சொல்வார்கள். திருட்டுப் பட்டம் மாதிரி இருக்கிறது என்று அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடமாட்டாள். பை கனமான வேலைதான், ஆனால் அப்பாவின் முதுகை வளைத்தது பை இல்லை என்று அவள் நினைத்தாள். யார் கூப்பிட்டாலும் ஓடுவார். எந்தக் கடையில் யார் "ஏய்" என்றாலும் திரும்பிப் பார்ப்பார். அவளுடைய பட்டமளிப்பு விழாவில் முன் வரிசையில் யாரோ ஒருவர் பேனாவைத் தவறவிட, மூன்று வரிசை தாண்டி ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தவர். அவள் மேடையில் ஏறிய நேரம் அது. படத்தில் அம்மா கைதட்டுகிறாள், அப்பா இருக்க வேண்டிய நாற்காலி காலியாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தவர் எட்டிப் பார்த்தார்கள். "பேனாதானே பாப்பா, எடுத்துக் குடுத்தா தேஞ்சா போயிடுவேன்?" என்றார் அப்பா. தேய்ந்துதான் போயிருக்கிறீர்கள் என்று அவள் சொல்லவில்லை.

இந்த இடதுகைக்காரன் வந்த பிறகுதான் வீட்டில் காற்று மாறியது. வசதி இல்லாத பையன், கடன்வாங்கிய மட்டைகளோடு ஆட வந்தவன், அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவன். இந்தத் தகுதிப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் வருடம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் பந்தயங்களில் ஆட அனுமதி கிடைக்கும். கிடைத்தால் நீங்கள்தான் கூட வரவேண்டும், மாதச் சம்பளம், தங்க அறை, என் பை மட்டும்தான், வேறு எவனுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அவன் சொல்லியிருந்தான். அப்பா இதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரே இரவில் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது கையில் இருந்த சோறு காய்ந்திருந்தது.

"ஒரே ஒருத்தரு. அவரு கூப்பிட்டா மட்டும் போனா போதும். நெனச்சுப் பாரேன்."

அவள் நினைத்துப் பார்த்தாள். அவரைவிட அதிகமாகவே நினைத்துப் பார்த்தாள்.

கடைசி நாள் மத்தியானம் கடைசிக் குழிக்கு வந்தபோது கணக்கு எளிமையாக இருந்தது. கோல்ஃபில் குறைவாகத் தட்டியவனுக்குத்தான் மேல் இடம். இன்னும் ஒரே தட்டில் பந்தைக் குழிக்குள் விட்டால் இடதுகைக்காரனுக்கு மூன்றாவது இடம். இரண்டு தட்டு ஆனால் மூன்றாவது இடத்துக்கு வேறொருவனோடு சமன், மறுபடி மோத வேண்டும். அந்த வேறொருவன் எப்போதோ ஆடி முடித்துவிட்டு, தனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று வண்டி நிறுத்துமிடத்தில் பையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

இடதுகைக்காரனோடு ஆடியது செயலாளரின் மருமகன். அவனுக்கு இந்தப் போட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை, பொழுது போனால் சரி. குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி ஒட்டக் கத்தரித்திருக்கும் புல்தரையை கிரீன் என்பார்கள். இருவர் பந்தும் அதன்மேல்தான் கிடந்தன. மருமகனின் பந்து தூரத்தில், இடதுகைக்காரனின் பந்து கிட்டத்தில், நேராக மருமகனின் வழியில். கிரீனில் ஒருவன் தட்டும் பந்து இன்னொருவன் பந்தில் போய் இடித்தால் தட்டியவனுக்கு இரண்டு தட்டு தண்டனை. அதனால் குறுக்கே கிடக்கும் பந்தை எடுக்கச் சொல்லும் உரிமை எவனுக்கும் உண்டு. பந்துக்குப் பின்னால் ஒரு காசை அடையாளமாக வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு காசைப் பார்த்து அதே இடத்தில் வைக்க வேண்டும். வக்கீலம்மாவுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். பந்து குறுக்கே கிடந்தால் எடுக்கச் சொல்லலாம், மனுஷன் குறுக்கே கிடந்தால் மிதித்துக்கொண்டு போகலாம் என்று அலுவலகத் தோழியிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அப்பா காசு வைத்துப் பந்தை எடுத்தார். மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, காசும் வழியில்தான் இருக்கிறது, அதையும் தள்ளி வை என்று விரலை ஆட்டினான். இதுவும் தினமும் நடக்கிறதுதான். மட்டையின் தலையைக் காசுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்றுக்கு நேராகப் பிடித்து, காசை மட்டைத் தலையின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். எதிராளி ஆடி முடித்ததும் அதே பொருளைப் பார்த்து, அதே மட்டைத் தலை அகலம் திரும்ப வைக்க வேண்டும். அப்பா தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் பிடித்துக் காசை நகர்த்தினார். வக்கீலம்மா பார்த்தாள். இடதுகைக்காரன் பார்க்கவில்லை. அவன் கிரீனுக்கு வெளியே ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். கடைசித் தட்டுக்கு முன்னால் அப்படி நிற்பது அவன் வழக்கம்.

அப்போதுதான் கிரீனுக்கு அப்பால் விருந்தினருக்குப் போட்டிருந்த பந்தலின் கீழிருந்து செயலாளர் கையைத் தட்டினார். சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஒரு கால் ஈரமண்ணில் இறங்கிவிட்டிருந்தது.

"ஏய், இங்க வா. இந்தச் சேரைக் கொஞ்சம் தள்ளிப் போடு."

அந்தப் பந்தலில் கிளப் சீருடை போட்ட ஆட்கள் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் தும்மினால்கூட நாற்காலி நகர்ந்திருக்கும். ஆனால் அப்பா திரும்பிவிட்டார். பந்தை இடதுகைக்காரனின் கையில் திணித்தார், மட்டையை அவன் காலடியில் சாய்த்தார், குனிந்தபடியே ஓடினார்.

வக்கீலம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. ஓடுகிற அப்பாவையே பார்த்தாள். விருந்தினர் எழுந்திருக்கக்கூட இல்லை, பாதி எழுந்தவர் மாதிரி பாவனை செய்தார். அப்பா ஒரு கையால் நாற்காலியையும் இன்னொரு கையால் அந்த மனிதரின் முழங்கையையும் தாங்கி, ஏதோ குழந்தையை மாற்றிப் படுக்க வைப்பது போல நகர்த்தினார். செயலாளர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. இந்த வாரத்தோடு இது முடிந்தது, அடுத்த வாரம் கையைத் தட்டிப் பாருடா என்று அவள் மனதுக்குள் செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இதற்கிடையில் மருமகன் தட்டினான், தவறவிட்டான், அலுத்துக்கொண்டு மறுபடி தட்டி முடித்தான். இடதுகைக்காரன் துண்டை வீசிவிட்டு வந்தான். காசுக்கு முன்னால் பந்தை வைத்தான், காசைச் சட்டைப்பையில் போட்டான், மூச்சை இழுத்து விட்டான், தட்டினான்.

பந்து வளைந்து ஓடி, விளிம்பில் ஒரு நொடி யோசித்து, உள்ளே விழுந்தது.

சத்தம் எழுந்தபோதுதான் அவள் தரையைப் பார்த்தாள். காசு நகர்ந்ததைப் பார்த்தவள், திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. திருப்பி வைக்க வேண்டிய ஆள் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார்.

நடுவர் முன்கூட்டியே தடுக்கலாம். தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தடுப்பதுதான் நல்ல நடுவருக்கு அழகு. "காசு" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பந்தை எடுத்து மாற்றி வைத்திருப்பான், தண்டனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் காசைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடக் கோபத்தையும் சரியாக அந்த நேரம் பார்த்தா பட வேண்டும்?

அப்பா ஓடி வந்தார். இடதுகைக்காரன் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கிச் சுற்றினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்த அப்பாவின் முகம், கால் தரையில் பட்டதும் மாறியது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும் கூடாரத்துக்கு அவள் நடந்தபோது பின்னாலேயே வந்தார். கூடாரத்துத் துணியின் மறைவில் அவள் கையைத் தொட்டார். அவரிடமிருந்து அவள் எத்தனையோ கேட்டு வாங்கியிருக்கிறாள், கல்லூரிக் கட்டணத்திலிருந்து காது வலிக்குச் சொட்டு மருந்து வரை. அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"யாரும் பாக்கலை பாப்பா."

"நான் பாத்தேம்பா."

"நீ பாத்தா என்ன? நீ நம்மாளுதானே."

இப்போது பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஒன்றும் ஆகாது. இடதுகைக்காரன் போவான், அப்பா கூடப் போவார், செயலாளரின் கைதட்டல் காற்றில் போகும். வண்டி நிறுத்துமிடத்தில் பையை ஏற்றிக்கொண்டிருந்தவனும் வீட்டுக்குப் போவான். அவனை அவளுக்கு யாரென்றே தெரியாது. அவன் வீட்டில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. அந்தத் தெரியாத ஒருவனுடைய முகம் ஏன் இப்படிக் கண்முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. முன்பெல்லாம் எவனாவது பணக்காரன் பந்தைக் காலால் தட்டி நகர்த்தியதை எழுதிக் கொடுத்தபோது அவள் ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை. அப்போதெல்லாம் சட்டம் என்றால் இவ்வளவு சுகமாக இருந்தது.

"உள்ள வாங்கப்பா," என்றாள்.

கூடாரத்தில் செயலாளர், மருமகன், இடதுகைக்காரன், இரண்டு கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயம் என்று அவள் ஆரம்பித்தாள். காசு நகர்த்தப்பட்டது, திரும்ப வைக்கப்பட்டதாக நான் பார்க்கவில்லை என்றாள். இடதுகைக்காரன் பேனாவைக் கீழே வைத்தான். மருமகன் நான் நகர்த்தச் சொன்னது உண்மை, அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும் என்று தோளைக் குலுக்கினான். இனி கேட்க வேண்டியது ஒரே ஆளிடம்தான். கமிட்டிக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"காசை நகர்த்தினது யாரு?"

அப்பா தோளில் இருந்த பையை இறக்கி வைத்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"நான்தான் மேடம்."



"திருப்பி வெச்சீங்களா?"

"இல்லைங்க மேடம்."

விதிக்கு இவ்வளவு போதும். ஏன் வைக்கவில்லை என்பது விதிக்குத் தேவையே இல்லாத கேள்வி. ஆனாலும் அவள் கேட்டாள். செயலாளர் முன்னால் நிற்கும்போது, கமிட்டிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கும்போது, அந்த ஒரு வாக்கியத்தை அப்பாவின் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்று வெறி வந்தது. இவர் கூப்பிட்டார், அதனால் போனேன். அவ்வளவுதான். தோற்றாலும் பரவாயில்லை, அதைச் சொல்லிவிட்டுத் தோற்கட்டும்.

"ஏன் வெக்கலை?"

அப்பா செயலாளரைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. மேஜைக் காலைப் பார்த்தார்.

"மறந்துட்டேங்க மேடம்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லைங்க மேடம். நானாத்தான் மறந்துட்டேன்."

செயலாளர் உச்சுக் கொட்டினார். வயதாகிவிட்டது, பாவம், இந்த மாதிரி நாளில் சின்ன ஆளாகப் பார்த்து வைத்திருக்கலாம் என்று இடதுகைக்காரனிடம் அனுதாபமாகச் சொன்னார். அவர் நாற்காலி விஷயத்தை மறைக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கு அது ஞாபகமே இல்லை.

வேறு இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு தட்டு தண்டனை. பை தூக்குகிறவர் செய்யும் தப்பு ஆட்டக்காரர் தலையில்தான் விழும், புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு தட்டு மூன்றாகி, மூன்றாவது இடம் போனது. இடதுகைக்காரன் கெட்டவன் இல்லை. பந்தை வைத்தது நான்தானே, நானும் பார்த்திருக்க வேண்டும் என்றான். அட்டையில் எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டான். யாரோ வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒருவன் நம்பமுடியாமல் கத்துவது கேட்டது.

அப்பா பையைத் தூக்கக் குனிந்தார். இடதுகைக்காரன் முந்திக்கொண்டான்.

"இருக்கட்டும்ணே. நானே எடுத்துக்கறேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்துதான் போனார்கள். மைதானத்தின் நீளச் சுவரை ஒட்டிய நடைபாதையில் அவள் முன்னால் நடந்தாள், அப்பா நாலடி பின்னால் வந்தார். அவள் வேகத்தைக் குறைத்தாள், அவரும் குறைத்தார். நின்றாள், நின்றார். ஆட்டக்காரருக்குப் பின்னால் நடக்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். "பக்கத்துல வாங்கப்பா" என்று அவள் சொன்னதற்கு, செருப்பு கடிக்கிறது, நீ போய்க்கொண்டே இரு என்றார். அவள் திரும்பி அவரிடம் போனாள். அந்த ஆள் கையைத் தட்டியதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"சொன்னா?" என்றார் அப்பா. "சொன்னா ரெண்டு தட்டு திரும்பி வந்துடுமா? நாளைக்கு நான் அந்த வாசல்லதான் போய் நிக்கணும்."



அம்மா கதவைத் திறந்ததும் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தோற்றுவிட்டார், நான்தான் ஒரு காசை மறந்துவிட்டேன் என்றார் அப்பா. யார் கண்டுபிடித்துத் தொலைத்தது, எந்தப் புண்ணியவான் என்று அம்மா பதறினாள். கமிட்டியில் யாரோ என்று சொல்லிவிட்டு அப்பா கொல்லைப்பக்கம் முகம் கழுவப் போனார். யாரோ இல்லை, நான்தான் என்று அவள் சொன்னாள். அம்மா திட்டவில்லை. மகளின் கையில் இன்னும் கட்டியிருந்த நடுவர் பட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அப்புறம் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் போகிற வழியில் அவள் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கிளப்பின் பின்வாசல் அந்த வழியில்தான் இருக்கிறது. பை தூக்க வருகிறவர்கள் அங்கே வரிசையாக நிற்பார்கள். முன்னால் நிற்பவருக்கு முதல் வேலை. இத்தனை வருடத்தில் அப்பாவின் இடம் முதலாவதோ இரண்டாவதோ. மழைக்குக்கூட அது மாறியதில்லை. முதலாவதாக நின்றவரை அவளுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார். பேருந்து நெரிசலில் நின்றபோது அவர் ஜன்னலருகே வந்தார். உங்கப்பா போன வாரமே தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார், இனி நான் இங்கே வரமாட்டேன் நீ நின்றுகொள் என்று பிடிவாதமாகச் சொன்னார், இன்றைக்குத் திரும்பி வந்தவரை முன்னால் வாங்க என்று எவ்வளவோ கூப்பிட்டேன், கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார் என்று சொல்லி வருத்தப்பட்டார்.

வரிசை வாசலில் தொடங்கி, சுவர் வளையும் இடம் வரை போனது. அப்பா கடைசியில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் நின்றவன் அவளைவிட வயதில் குறைந்தவன், ஏதோ நகைச்சுவை சொல்லியிருக்க வேண்டும், அப்பா தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேருந்து நகர்ந்தது. அவள் கையைத் தூக்கினாள். உள்ளேயிருந்து யாரோ எதற்கோ குரல் கொடுத்தார்கள், வரிசையில் இருந்த எல்லாரும் அப்படியே நிற்க, அப்பாவின் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.